முப்பத்தைந்துக்குப் போதுமான கணக்கு

பதினோராம் தர முடிவில் எழுதும் ஓ.எல். என்ற சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைய முப்பத்தைந்து புள்ளி போதும். என் உத்தியோகத்தின் கடைசிப் பன்னிரண்டு வருடங்களை அந்த ஒரு எண்ணின் மேல்தான் கட்டினேன். அதற்காக எனக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். இப்போது எழுபத்தொரு வயதில், நான் செய்தது என்ன என்பதை மறைக்காமல் எழுதி வைக்க நினைக்கிறேன். மன்னிப்பை எதிர்பார்த்து எழுதவில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்டுவிட்டேன். அது எப்படி முடிந்தது என்பதையும் சொல்கிறேன்.

நான் கணித ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். தெஹியோவிட்ட, புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், அங்கே கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவர்களைத் தயார் செய்வது என் வேலை. கணிதம் படித்த ஆசிரியர் யாரும் அந்தப் பாடசாலைகளுக்கு வருவதில்லை. வந்தாலும் வருடம் முடிவதற்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே தோட்டத்திலேயே பிறந்து, உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்த பிள்ளைகளை உதவி ஆசிரியர்களாக எடுத்தார்கள். எந்தப் பாடத்துக்கு வெற்றிடம் இருந்ததோ அந்தப் பாடத்தின் பெயரை நியமனக் கடிதத்தில் எழுதினார்கள். பெரும்பாலும் அது கணிதம் அல்லது விஞ்ஞானம். சின்னப் பாடசாலையென்றால் இரண்டும்.

பயிற்சியின் முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி, உயர்தரத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்பேன். இந்து நாகரிகம், புவியியல், தமிழ் என்று வரிசையாகப் பதில் வரும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார்.

"நாடகமும் அரங்கியலும் சார்."

"அப்போ கணக்கு எப்படிப் படிப்பிப்பீங்க?"

"கணக்கு வாத்தியாரா நடிக்கச் சொன்னா நல்லா நடிப்பேன் சார்."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "அது போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன். வேடிக்கைக்காகச் சொன்னேன். ஆனால் பிறகு நான் செய்ததெல்லாம் அதுதான்.

என் திட்டம் இதுதான். பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, எந்த அலகிலிருந்து எத்தனை புள்ளி வருகிறது என்று பார்த்தேன். தொடைகள், சதவீதம், வரைபு, நிகழ்தகவு, புள்ளிவிபரம். இந்தச் சில அலகுகளில் கேள்விகள் வருடாவருடம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். விளங்காவிட்டாலும் படிமுறையை மனப்பாடம் செய்தால் புள்ளி கிடைக்கும். கேத்திரகணிதம், திரிகோணகணிதம், அட்சரகணிதத்தில் பாதி ஆகியவற்றை விட்டுவிடலாம். அவை அந்த ஆசிரியர்களுக்கும் தெரியாது. தெரியாததைப் படிப்பிக்கச் சொல்லி வதைப்பதைவிட, தெரிந்துகொள்ளக்கூடியதை மட்டும் நூறு தடவை செய்விப்பது மேல் என்று நினைத்தேன்.

இரக்கத்தில்தான் தொடங்கினேன். கணிதம் சித்தியில்லாத பிள்ளைக்கு எந்த வேலைக்கும் விண்ணப்பப் பத்திரம்கூட நிரப்ப முடியாது. வருடக்கணக்காக ஒருவருமே கணிதத்தில் சித்தியடையாத பாடசாலைகள் என் கையில் இருந்தன. முப்பத்தைந்து என்பது அங்கே பெரிய எண்.

ஸ்டேப்லர் யோசனை ஒரு பாடசாலையில் தற்செயலாக வந்தது. நான் சதவீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கையில் ஒரு மாணவன் பாடப்புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டி முக்கோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எரிச்சலில் மேசையிலிருந்த ஸ்டேப்லரை எடுத்து அந்த அத்தியாயத்தின் பக்கங்களை ஒன்றாக அடித்துக் கொடுத்தேன். "இனிப் பார்க்க மாட்டாய்." அடுத்த பயிற்சியில் இதையே ஒரு முறையாகச் சொல்லிக்கொடுத்தேன். வருடத் தொடக்கத்திலேயே வேண்டாத அத்தியாயங்களை அடித்து மூடிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பயமும் குறையும், நேரமும் மிச்சம். அரசாங்கம் கொடுக்கும் புத்தகம். ஒரு வகுப்பு முடித்ததும் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் போகும். மூடின பக்கங்களோடுதான் போனது. பிள்ளைகள் எனக்கு ஸ்டேப்லர் சார் என்று பட்டம் வைத்திருந்தது தெரிந்தும் பெருமையாகவே இருந்தேன்.

பெறுபேறுகள் உயர்ந்தன. வலயக் கல்விப் பணிப்பாளர் கூட்டத்தில் என் தோளைத் தட்டி, "மாத்தயா, ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் பாராட்டினார். மற்ற பாடங்களின் ஆலோசகர்கள் என் தாள்களைப் பிரதி எடுத்தார்கள். விஞ்ஞானத்துக்கும் அதே மாதிரி ஒரு திட்டம் போட்டோம். பாடசாலைகளில் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக்கிடந்த சோதனைக் குழாய்களை யாரும் வெளியே எடுக்கத் தேவையே வரவில்லை.

நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இறப்பர்ப் பால் வெட்டுக்காரரின் மகன். புலமைப்பரிசில் கிடைத்து, கண்டியில் விடுதியில் தங்கிப் படித்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவன். மூடப்பட்ட பக்கங்களுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பயிற்சி அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நடிக்கத் தெரிந்த அந்த இளைஞருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டப் பாடசாலையில் ஓர் உதவி ஆசிரியை இருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். இந்து நாகரிகம் படித்தவர். பயிற்சிக்கு வந்தால் முன்வரிசையில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். வருட நடுவில் ஒரு நாள் அவருடைய வகுப்பைப் பார்க்கப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோவில் பாதி வழி, பிறகு நடை. ஒரே நீளமான மண்டபத்தைக் கரும்பலகைகளால் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் ஏழாம் தரத்தின் சத்தம், அதற்கு அடுத்தது பதினோராம் தரம். அங்கே ஆறு பிள்ளைகள்.

நான் போகையில் ஆசிரியை ஒரு சணல் கயிற்றின் நுனியில் வெண்கட்டியைக் கட்டிக் கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தார். எந்தப் புத்தகத்திலும் ஸ்டேப்லர் கம்பி இல்லை.

"டீச்சர், இது நம்ம திட்டத்துல இல்லையே" என்றேன்.

"தெரியும்ங்க சார். நான் லீவுல இருந்து படிச்சேன். முதல்ல ஒன்னுமே விளங்கல. மூனு தடவ எழுதிப் பாத்தேன், விளங்கிருச்சு." அவர் முகத்தில் ஒரு வெட்கமும் சந்தோஷமும் இருந்தன. "ரெண்டு புள்ளைங்களுக்கு நல்லா வருதுங்க சார். அதுல ஒருத்தி இருக்கா, நீங்களே பாருங்களேன்."

அந்த ஒருத்தியைப் பலகைக்குக் கூப்பிட்டார். மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல். வட்டத்தின் மையத்தில் ஒரு வில் அமைக்கும் கோணம், அதே வில் மீதிப் பரிதியில் அமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்ற தேற்றத்தை நிறுவச் சொன்னார். பிள்ளை ஒரு கோட்டை இழுத்தாள், நின்றாள், எங்களைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசினாள். "இந்தக் கேந்திரயத்துல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே நீளம். அப்ப இந்த முக்கோணி சமஇருபக்கம். அப்ப இந்தக் கோணமும் இந்தக் கோணமும் ஒன்னு..." மையம் என்ற சொல் வராமல் சிங்களச் சொல்லைப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை போனாள். முடித்துவிட்டு ஆசிரியையைத் திரும்பிப் பார்த்து, "ஹரித மிஸ்?" என்று, சரியா எனச் சிங்களத்தில் கேட்டாள்.

சரியாகத்தான் இருந்தது. மனப்பாடமில்லை, ஒவ்வொரு படியும் அவளுக்கு ஏன் என்று தெரிந்திருந்தது. முப்பது வருடம் கணிதத்தோடு இருந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. நான் பார்த்தேன். பார்த்துத்தான் செய்தேன்.

ஆசிரியையை வெளியே கூப்பிட்டு, மற்ற நான்கு பேரும் சித்தியடையாவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன்.

"நாலு பேருக்கும் நீங்க சொன்ன மாதிரியே செய்றேன் சார். இந்த ரெண்டு பேருக்கு மட்டும் பின்னேரத்துல மிச்சத்தச் சொல்லிக் குடுக்குறேன். இந்தப் புள்ளைக்கு சீ வந்தா ஹட்டன்ல மெத்ஸ் படிக்கலாம். எங்க தோட்டத்துல இருந்து இதுவரைக்கும் யாரும் மெத்ஸ் படிச்சதில்லீங்க சார்."

சீ என்று அவர் சொன்னது திறமைச் சித்தியை. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்கு எஸ் எனப்படும் சாதாரண சித்தி போதாது. பாடத்தில் பாதியை மூடிவிட்டு யாரும் திறமைச் சித்தி எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

"ஒரு வகுப்புல ரெண்டு பாடம் நடத்த ஏலாது டீச்சர். நீங்க இன்னும் பயிற்சியே முடிக்கல்ல."

"எனக்கு விளங்குதே சார்."

இந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. வலயத்தின் பெறுபேறு, பணிப்பாளர், மற்ற நான்கு பிள்ளைகள் என்று பல வருடம் எனக்கு நானே காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மைக் காரணம் வேறு. கலைப்பிரிவு படித்த இந்தப் பெண், யாருடைய உதவியும் இல்லாமல், விடுமுறையில் உட்கார்ந்து கேத்திரகணிதத்தைப் படித்துப் படிப்பிக்கவும் முடியுமென்றால், என் திட்டம் எதற்கு? இவர்களால் முடியாது என்பதன் மேல்தான் அது நின்றது. அவரால் முடிந்தது என்று நான் ஒப்புக்கொண்டால், அத்தனை வருடமும் நூற்றுக்கணக்கானவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவந்தது பொய்யாகிவிடும்.

அவரை ஆசிரிய சேவைக்குள் நிரந்தரமாக்குவதற்கான சிபாரிசுப் படிவம் அன்று என் பையில் இருந்தது. நான் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. வகுப்புக்குள் திரும்பி வந்து, அந்தப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதன் பக்கத்தில் ஸ்டேப்லரை வைத்தேன்.

அவர் இரண்டையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகளிடம் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக அவரே அடித்தார். அந்தப் பிள்ளையின் முறை வந்ததும் அவள் புத்தகத்தை நீட்டாமல் பிடித்துக்கொண்டு, "மிஸ், இது இன்னும் முடியல்லயே" என்றாள்.

"முடிஞ்சுது புள்ள. குடு."

நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் ஆறு பேரும் கணிதத்தில் சித்தி. அந்தப் பாடசாலையின் வரலாற்றில் முதல்முறை. விழா வைத்தார்கள். மண்டபத்துக் கரும்பலகைகளை ஒதுக்கி, வாழைமரம் கட்டி, தோட்டத்து இளைஞர்கள் தவில் அடித்து என்னை அழைத்துப் போனார்கள். ஆசிரியை எல்லாருக்கும் பின்னால் நின்றார். எனக்குத் தேநீர் கொடுக்க மட்டும் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கணிதம் வேண்டாம், சமயம் படிப்பிக்கிறேன் என்று எழுதிக் கேட்டார். பிறகு கல்யாணம் முடித்து வத்தளைப் பக்கம் மாற்றலாகிப் போனார் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் மறுபடி பேசவில்லை.

விழா முடிந்து நான் கிளம்பும்போது அந்தப் பிள்ளையின் அப்பா வந்தார். பால் வெட்டுகிறவர். விழாவுக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"சார், புள்ள கணக்குல பாஸ் பண்ணிருச்சுங்க."

"சந்தோஷம்."

"ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போனேங்க. எஸ் பத்தாது, சீ வேணும்னுட்டாங்க. சார் பெரிய ஆளு. ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா..."

"அதெல்லாம் கடிதத்துல நடக்காது. ஆர்ட்ஸ் படிக்க வைங்க. அதுவும் நல்ல படிப்புதான்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை.

"இவ அம்மா சின்னதுலயே சொன்னாங்க சார், சிங்கள இஸ்கோல்ல போடுவோம், அங்க கணக்கு டீச்சர் இருக்குன்னு. நாந்தான் நம்ம பாஷைல படிக்கட்டும்னு நின்னேன். என் தப்புத்தான்."

நான் அதை மறுக்கவில்லை. அந்த மனிதர் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே லயத்து வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டேன். ஸ்டேப்லர் அடித்ததைவிட இது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

ஓய்வுபெற்று ஒன்பது வருடம் வீட்டில் இருந்தேன். போன வருடம் வலயத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாக எடுத்த உதவி ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி. தமிழில் கணிதம் நடத்த ஆள் இல்லை. ஐயா வர முடியுமா? அந்த ஆள் ஏன் இல்லை என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். கணிதம் படித்து வந்திருக்கக்கூடிய பிள்ளைகளை நான் முப்பத்தைந்தில் நிறுத்தியிருந்தேன். போவது என்று முடிவு செய்தேன். இந்தமுறை முழுவதையும் படிப்பிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நகரத்துப் பாடசாலை ஒன்றின் வகுப்பறை. பத்தொன்பது பேர். பெயர்ப்பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தபோது அந்தப் பாடசாலையின் பெயரும் ஒரு பிள்ளையின் பெயரும் வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். பின்னல் இல்லை, கொண்டை போட்டிருந்தாள். அவளேதான்.

உயர்தரத்தில் தமிழ், புவியியல், இந்து நாகரிகம். இடையில் அவிசாவளைப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சில வருடம். இப்போது உதவி ஆசிரியை. தான் படித்த அதே பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரத்துக்குக் கணிதம்.

"கணக்குல பாஸ் இருக்குன்னு கணக்கையே குடுத்துட்டாங்க சார்" என்றாள். பயிற்சி முடிந்த மறு திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் போக வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் போய் ஐந்து மாதம். அதுவரை அந்த வகுப்புகளுக்குக் கணிதம் இல்லை. அந்த நாளை நினைத்து அவளுக்கிருந்த பயம் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பேனையைக் கையிலிருந்து வைக்கவே இல்லை. நான் இருமினாலும் எழுதிவிடுவாள் போலிருந்தது.

முதல் இரண்டு நாள் அட்சரகணிதம் செய்தேன். மூன்றாம் நாள் வட்டம் வரைந்தேன். பத்தொன்பது பேரும் பலகையைப் பார்த்தார்கள். ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், இது எஸ்ஸுக்குத் தேவையா?" என்றான். அவன் பயிற்சிக்கு வந்த ஆசிரியர். பக்கத்தில் இருந்தவர்கள், "சும்மா இருடா, நீ எஸ் எடுத்த லட்சணம் எங்களுக்குத் தெரியும்" என்று அவனைக் கிண்டல் செய்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டேன்.

ஏன் கூப்பிட்டேன்? அது இன்னும் அவளுக்குள் இருக்கும் என்று நம்பினேன். இருந்தால் நான் செய்த கெடுதி அவ்வளவு பெரிதில்லை என்று ஆகும். என் நிம்மதிக்காகவே அவளை அத்தனை பேருக்கு முன்னால் நிறுத்தினேன்.

வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மையத்திலிருந்து ஒரு கோடு இழுத்தாள். இன்னொரு கோடு. பிறகு கை நின்றுவிட்டது. நான் ஒரு படி எடுத்துக் கொடுத்தேன். அவள் தலையசைத்தாள், ஆனால் கை நகரவில்லை.

"முன்ன தெரிஞ்சிருந்தது சார்" என்றாள். வெண்கட்டியை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் எல்லாரும் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கையில் அவளை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆசிரியை இரண்டு பேருக்குப் பின்னேரத்தில் படிப்பிக்கக் கேட்டதை, நான் மறுத்ததை, மேசை மேல் படிவத்தை வைத்ததை, அவள் நிறுவியது சரி என்று எனக்குத் தெரிந்திருந்ததை. அவளுடைய அப்பா என்னிடம் வந்ததையும்.

அவள் ஒரு கையில் சோற்றுப் பார்சலோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸுக்குத் தெரியாமப் போய்தான் அதை விட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்கும் மண்டை அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்படி நெனச்சா கஷ்டமா இல்ல சார். வராதது வரல்ல, அவ்வளவுதானே."

"உனக்கு வந்தது மகள். நான் பார்த்தேன்."

"அதைத்தான் சார் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

நான் மன்னித்துக்கொள் என்றேன். அவள், "அப்பா செத்து மூனு வருஷம்" என்றாள். "கடைசி வரைக்கும் என்னைப் பாத்தா, சிங்கள இஸ்கோல்ல போட்டிருக்கலாம், போட்டிருக்கலாம்னுட்டுத்தான் இருந்தாரு."

பிறகு உள்ளே போய் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் வராந்தாவிலேயே நின்றேன்.

அடுத்த நாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கோபம் காட்டவில்லை. நான் வட்டத்தை விட்டுவிட்டு முக்கோணிக்குப் போனேன். முக்கோணிக்கு விகிதம் வேண்டும் என்று விகிதத்துக்குப் போனேன். விகிதத்துக்குப் பின்னம் வேண்டும். பின்னத்திலேயே பாதிப் பேருக்கு ஓட்டை இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே இறங்கினேன். ஒன்பதாம் நாள் ஐந்தாம் தரத்துக் கணக்கில் நின்றேன். இவர்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள். ஒரு வருடம் தந்தால் அத்தனை பேரையும் மேலே ஏற்றலாம். என்னிடம் இன்னும் ஒரு நாள் இருந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், நீங்க சொல்றது எல்லாம் விளங்குது. ஆனா கையில வர ஒரு வருஷமாவது ஆகும். எனக்கு இருக்குறது சனியும் ஞாயிறும்."

"தெரியும்."

"பதினோராம் தரத்துக்கு ஓ.எல்.லுக்கு ஏழு மாசம்தான் இருக்கு. அஞ்சு மாசமா டீச்சர் இல்ல. அதுங்களுக்கு நான் திங்கக்கிழமை என்னத்தச் சொல்லிக் குடுக்க?" கொஞ்சம் தயங்கினாள். "உங்க பழைய பேப்பர் இருக்குல்ல சார். முப்பத்தஞ்சு பேப்பர்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

மறுநாள் கொண்டுபோனேன். பழுப்பேறிய தாள்கள். எந்த அலகு, எத்தனை புள்ளி, எந்தப் படிமுறை என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "இதை முதல் நாளே தந்திருக்கலாமே சார், பத்து நாளா மண்டையைக் காய வச்சுட்டீங்க" என்று ஒருவர் சிரித்தார். எல்லாருமாகப் போய் முன்னாலிருந்த கொமியுனிகேஷன் கடையில் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் பயிற்சியில் அவர்கள் கையோடு கொண்டுபோனது அதை மட்டும்தான். பயிற்சி நன்றாக இருந்தது என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினார்கள்.

அதன் பிறகு அவள் சில வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள். ஒரு கணக்கில் தடுமாறினால் படம் எடுத்து அனுப்புவாள். நான் செய்து அனுப்புவேன். அந்தப் பகலை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவில்லை. போன மாதம் பத்தாம் தரத்துத் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"ஒருத்தி ஒரு கணக்க வேற மாதிரி செஞ்சிருக்கா சார். விடை சரியா வருது. ஆனா வழி எனக்கு விளங்கல. நம்ம பேப்பர்ல அந்த மாதிரி இல்ல. பிழைன்னு போட்டுட்டேன். சரிதானே?"

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோடில்லாத தாளில் சின்னச் சின்ன எழுத்து. வட்டியைப் பற்றிய கணக்கு. என் தாளில் ஏழு படியில் வருவதை அந்தப் பிள்ளை ஒரு சமன்பாடு அமைத்து மூன்று வரியில் முடித்திருந்தது. சமன்பாட்டை அந்த வகுப்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாகவே யோசித்திருக்கிறது. நான் அதை நாலைந்து தடவை பார்த்தேன்.

சரி என்று எழுதினேன். முழுப்புள்ளி கொடுக்கச் சொன்னேன். அது ஏன் சரி என்பதை இரண்டு பக்கத்தில், அவளுக்கு விளங்குகிற மாதிரி, ஒவ்வொரு படியாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் பிள்ளையைக் கவனிக்கச் சொன்னேன்; என்னால் ஆனதைச் செய்வேன், வேண்டுமானால் மாதம் இரண்டு தடவை வருகிறேன் என்றும் எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்து நானே கூப்பிட்டேன். பின்னால் வகுப்பின் சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ள? ஓ, அவளா." அவள் குரல் சந்தோஷமாகவே இருந்தது. "புள்ளி போட்டுட்டேன் சார். நீங்க அனுப்புனத வாசிக்க இன்னும் நேரம் கெடைக்கல்ல, விஞ்ஞானமும் என் தலையிலதான் கட்டிட்டாங்க. ஆனா அவளக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், பரீட்சையில இந்த மாதிரி எல்லாம் செய்யாத, திருத்துறவங்களுக்கு விளங்காதுன்னு. இப்ப நம்ம வழியிலதான் செய்றா. ஒரு பிரச்சினையும் இல்ல சார்."

நல்லது என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.